அதிகாரிகள் பெட்டி

பெங்களூரிலிருந்து வந்திருந்த இரண்டு பேருக்கும் காபி கொடுக்கத்தான் சாய்ப்ரியாவை வரச் சொல்லியிருந்தான் சசிதர். அவன் அவளுடைய பெரியப்பா மகன். காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் சென்டர் அவனுடையது. திரையில் ஓடவிருந்த கேம் மட்டும் அவளுடையது. உலகப்போர் முடிந்தும் ஊர் போய்ச் சேர வழியில்லாத படைவீரர்களை, ரஷ்யப் பனியைத் தாண்டி ரயிலில் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கரி, ரொட்டி, மருந்து எல்லாமே அரைகுறை. இரண்டு வருஷம் கண் பூத்துப்போக எழுதியிருந்தாள். போன மாதம் பார்த்தால், முதல் திரையில் ‘உருவாக்கம்: சசிதர்’ என்று இருந்தது. கேட்டதற்கு, பொண்ணு பேரைப் போட்டால் எவன் வாங்குவான், எல்லாம் ஒரே குடும்பம்தானே என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. மறக்கிற ரகமும் இல்லை அவள்.

பிடித்திருந்தால் இன்றைக்கே வாங்கிக்கொள்கிறோம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். நானே ஆடிக் காட்டுகிறேன் என்று சசிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதல் சில ஸ்டேஷன்களைத் தாண்டி அவன் ஆடியதே கிடையாது. அவள் தடுக்கவில்லை.

மேலே இருப்பவர்களை மட்டும் கவனித்துத் தன் அப்பாவின் மில்லை எப்படி நடத்துவானோ அப்படியேதான் ஆடினான். கரியெல்லாம் அதிகாரிகள் பெட்டி அடுப்புக்குப் போனது; சிப்பாய்களும் காயம்பட்டவர்களும் விறைத்துக் கிடந்தார்கள். வண்டி என்னவோ வேகமாகத்தான் ஓடியது. வந்தவர்கள் தலையாட்ட, அவன் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

அப்புறம் ஓர் ஆற்றுப்பாலம் உடைந்து கிடந்தது. சரிசெய்யச் சொல்லி எத்தனை தடவை மௌஸைத் தட்டியும் ஒரு சிப்பாயும் எழுந்திருக்கவில்லை. கரி தீர்ந்துகொண்டே வந்தது. அதிகாரிகளைக் கிளப்பிவிட்டு, அந்தச் சூடான பெட்டியில் காயம்பட்டவர்களைப் படுக்க வைத்தால் போதும், அத்தனை பேரும் எழுந்து வேலைக்கு வருவார்கள். அந்த விதி அவளுக்கு மட்டும்தான் தெரியும். சசிதரைப் பார்த்துப் பார்த்து எழுதிய விதி அது.

வேர்த்து விறுவிறுத்து அவள் பக்கம் சாய்ந்தான். “இப்ப என்ன பண்றது, அம்மணி?”

சொன்னால் கேம் விற்றுவிடும், அவன் பெயரில். சொல்லாவிட்டால் அவளுடைய இரண்டு வருஷமும் பனியில் புதைந்துபோகும். ஆனாலும் அவன் வேர்ப்பதைப் பார்க்கப் பார்க்கத் தித்தித்தது.

“என்னையக் கேக்கறீங்களேங்ணா,” என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. “எழுதுனது நீங்கதானுங்களே.”

என்ஜின் அணைந்தது. பெட்டி பெட்டியாகச் சிப்பாய்கள் உறைந்தார்கள், கடைசியில் அதிகாரிகளும். வந்தவர்களில் மூத்தவர் சசிதரை விட்டுவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். இதை எழுதியது நீங்களாம்மா என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேம் அவளிடம் திரும்பிவிடும். கூடவே சசிதரும் இந்த அவமானத்திலிருந்து தப்பித்துவிடுவான். தங்கச்சி வேலை, எனக்கென்ன தெரியும் என்று கையைக் கழுவிவிடுவான். அதற்கா இவ்வளவு நேரம் பொறுத்திருந்தாள்?

“இல்லீங்க,” என்றாள் பணிவாக. “முச்சூடும் எங்கண்ணன் எழுதுனதுங்க.”