சாக்கடைக்குப் போன இருபது லிட்டர்

ஹாரன் என்றால் டிப்போவில் தெரியாதவர் கிடையாது. பூனை குறுக்கே போனாலும் ஹாரனை அமுக்குகிற பஸ் டிரைவர். வாயும் அதே மாதிரிதான். அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்று காலை, மனைவியை ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் டயாலிசிஸ் இயந்திரத்தில் விட்டுவிட்டு வாய் திறக்காமல் கீழே இறங்கினார்.

வாரம் மூன்று தடவை நடந்தது, இந்த மாதத்திலிருந்து ஒரே தடவை. நாடு கடனில் மூழ்கிவிட்டதாம், கடன் கொடுத்தவர்கள் செலவைக் குறைக்கச் சொன்னார்களாம். எந்தப் புண்ணியவான் வாங்கித் தின்றானோ, கை வைத்தது இவர் மனைவியின் உயிரில்! வீங்கிய காலில் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடுதான் வந்திருந்தாள். இன்று நாலு மணி நேரம் ஓடினால் உண்டு, இல்லையென்றால் அடுத்த செவ்வாய்தான். அதுவரை தாங்க மாட்டாள் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அன்று மந்திரி அந்தச் சாலை வழியாகப் போகிறார் என்று, ஆஸ்பத்திரி வாசலில் முந்நூறு பேர் கூடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஹாரன் தன் பஸ்ஸைக் கொண்டுவந்து சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார். ஆம்புலன்ஸுக்கு மட்டும் ஓரமாக வழிவிட்டார். அந்த அளவுக்கு விவரமான ஆள்தான்.

"மந்திரி கார் எப்படிப் போகுதுன்னு பாக்கறேன்!"

போன வாரப் போராட்டத்தில் டயர் காற்றைப் பிடுங்கினார்கள். போலீஸ் காற்றடித்து, வேறொரு டிரைவரை உட்காரவைத்து, பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. மானம் போன கதை. அதனால் இந்த முறை ஹாரன் ஸ்பேனரோடு பஸ்ஸுக்கு அடியில் படுத்து, டீசல் டாங்கின் அடித்திருகைக் கழற்றினார். அன்றைய ரூட்டுக்கு அளந்து கொடுத்த இருபது லிட்டரும் கொட்டியது.

"அண்ணே, கேன்லயாவது பிடிச்சு வெப்போமே," என்றார் கண்டக்டர்.

"பிடிச்சு வெச்சா அதையே ஊத்தி ஓட்டிட்டுப் போவான்யா. போகட்டும் விடு."

டீசல் சாக்கடைக்கு ஓடியது. கூட்டம் கைதட்டியது. எத்தனையோ நாளைக்கப்புறம் ஹாரன் சிரித்தார்.

அரை மணி நேரத்தில் கரண்ட் போயிற்று. தினமும் போவதுதானே, யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் உறுமியது, இருமியது, அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர்காரர் இரண்டு காலிக் கேன்களோடு ஓடிவந்தார்.

"அண்ணே, பஸ்ல டீசல் இருக்குமா? பத்து லிட்டர் குடுங்க, ரெண்டு மூணு மணி நேரம் தள்ளிடலாம். மேல ஆறு பேரு மெஷின்ல இருக்காங்க!"

கண்டக்டர் சாக்கடையைப் பார்த்தார். ஹாரன் அப்படியே மண்டியிட்டு, கறுப்புத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கேனில் ஊற்ற ஆரம்பித்தார்.

"சாக்கடைத் தண்ணி கலந்துடுச்சே, இன்ஜின் ஏத்துக்காதுண்ணே," என்றார் ஜெனரேட்டர்காரர்.

ஹாரன் எழுந்து ஓடினார். மூன்று மாடியையும் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

உள்ளே ஆறு இயந்திரங்களும் செத்துக் கிடந்தன. அவற்றின் பேட்டரிகள் தீர்ந்து மாதக்கணக்காகிறது. மாற்ற ஆர்டர் இல்லை. நர்ஸோ இரண்டே பேர். கூட வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு இயந்திரத்தின் முன் நின்று ரத்தப் பம்ப்பைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் இவர் கையை மட்டும் துடைக்கச் சொல்லிவிட்டு, ஒரு சின்னக் கைப்பிடியைப் பிடிக்கவைத்தாள்.

"வெளியில இருக்கற ரத்தம் உடம்புக்குத் திரும்பணும். குழாய் வெளுக்கற வரைக்கும் மெதுவா சுத்துங்க. நிறுத்துனீங்கன்னா உறைஞ்சிடும்."

பஸ்ஸையே ஒற்றைக் கையால் ஒடிக்கிறவர் அந்தக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். மனைவி கண் திறந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"ஒரு மணி நேரம்தாங்க ஓடுச்சு."

"பேசாம படு."

"ஏங்க, கையில டீசல் வாசம் வருதே. பஸ்ல டீசல் இருக்குதா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதைக் கொண்டாந்து குடுங்களேன். இருந்தா போதும்னு சிஸ்டர் சொன்னாங்க."

குழாய் வெளுத்துவிட்டது. "போதும், நிறுத்துங்க," என்றாள் நர்ஸ். அவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.