காமிராவை அணைக்காத பதினோரு நிமிடம்

என் தம்பி தவசி இன்னும் வீடியோ டேப்பில்தான் இருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் அவன் மெமரி கார்டுக்கு மாற வேண்டும் என்று நிகழ்வு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மாறாதவர்கள் நடந்ததாகக் கருதப்பட மாட்டார்கள்.

வீட்டில் மற்ற எல்லோரும், நான் உட்பட, போன வருடமே மாறிவிட்டோம். அப்பாவுக்கு அது வசதி. காலைக் காப்பியிலிருந்து நேராக மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாவுகிறார். இடையில் யாராவது கேள்வி கேட்டால் அது அவருக்கு வந்து சேர்வதில்லை. தம்பி ஒவ்வொரு நாளையும் முதலிலிருந்து ஓடித்தான் கடக்கிறான். மழைக்காலத்தில் அவன் முகம் சதுரம் சதுரமாக உடையும். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன். சரியாகிவிடும்.

அலுவலகத்தில் கார்டுக்காரர்களுக்குத் தனிக் கதவு. திறந்தால் கவுன்ட்டர். டேப்காரர்களுக்கு ஒரு நடைகூடம். அதன் நீளம் ஒரு மணி நேரம். நான் தம்பியோடு நடந்தேன். பாதி வழியில் ஒரு பெண் எங்களை நோக்கி முதுகு காட்டி வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"போட்டோவ வீட்டுல வச்சுட்டேன். ரிவைண்ட்லதான் போகணுமாம்."

கவுன்ட்டரில் பரஞ்சோதி என்கிற எழுத்தர் இருந்தார். தம்பியின் கல்யாண டேப்பை ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். ஒரு பதினோரு நிமிஷத்த மட்டும் எடுத்துருதோம்."

எந்தப் பதினோரு நிமிடம் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலப் பந்தி. வீடியோக்காரர் எஸ்தாக்கு பசியில் காமிராவை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அணைக்க மறந்துவிட்டார். படத்தில் மேசைக் கால்களும், விழுந்த அப்பளமும், என் தம்பியின் பாதங்களும் மட்டுமே இருக்கும். தம்பியின் குரல் சொல்லும்: எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அப்பாவின் குரல் சொல்லும்: இலையப் பாத்துச் சாப்பிடு.

மற்ற டேப் முழுவதும் தம்பி சிரிக்கிறான். எஸ்தாக்கு சிரிக்கச் சொன்னார்.

"அத எடுக்கக் கூடாது" என்றேன்.

"அதுல ஆளே இல்லையே சார். காலுதான் இருக்கு."

"அது அவன் காலு."

"காலு பேசாது சார்."

"டேப்புல பேசிருக்கானே."

"டேப்புன்னா அப்படித்தான். நிறுத்தலேன்னா கண்டதையும் புடிச்சுக்கிட்டே ஓடும். கார்டுல வேணுங்கறது மட்டுந்தான்."

"யாருக்கு வேணுங்கறது?"

"குடும்பத்துக்கு." அப்பாவின் கையெழுத்தைக் காட்டினார். அழகான கையெழுத்து.

"இவன்கிட்ட கேட்டீங்களா?"

"அதுக்குப் படிவம் கிடையாது சார்."

தம்பியின் மனைவியையும் போன வருடம்தான் மாற்றினார்கள். அவள் அழுததையெல்லாம் மங்கலமாக இல்லை என்று எடுத்துவிட்டார்கள். இப்போது அடுப்பில் கை சுட்டாலும் சிரிக்கிறாள்.

தம்பி என் பக்கத்தில் மெல்லிய இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தான். டேப்பில் அவன் அப்போது மாலை மாற்றும் இடத்தில் இருந்தான். பேச முடியவில்லை.

"எதுக்கு சார் கோபம்?" என்றார் பரஞ்சோதி. "படம் எவ்வளவு தெளிவா வரும் தெரியுமா? தம்பி மூக்கு மச்சம் வரைக்கும் தெரியும்."

"மச்சத்த நீங்களே வச்சுக்கோங்க."

"கார்டுல எடமும் இல்ல சார். வேற யாராவது பதினோரு நிமிஷம் விட்டுக்குடுத்தா பாக்கலாம்."

"என்னோடத எடுங்க."

"எந்தப் பதினோரு நிமிஷம்?"

"இனிமே வரப்போறது."

அவர் யோசித்தார். விதியில் தடை இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நொடி நான் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தேன்; கடிகாரத்தில் பதினோரு நிமிடம் கடந்திருந்தது. என் கையில் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது. என் சட்டையில் எல்லாப் பொத்தான்களும் இருந்தன. உள்ளே யாரோ நாற்காலிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. கோபம் குறையவே இல்லை.

தம்பி பக்கத்தில் நின்றான். இரைச்சல் இல்லை. மூக்கில் மச்சம் தெரிந்தது.

"நான் என்னல பண்ணேன்?"

"தெரியாதுண்ணே. நான் பந்தில இருந்தேன்."

"அங்க சொன்னதச் சொல்லு பாப்போம்."

அவன் மாலைக்கும் மேளத்துக்கும் காத்திருக்கவில்லை. நேராக அங்கே போனான். கணுக்காலுக்கு மேல் காணாமல் போனான். பாதங்கள் மட்டும் ரோட்டோரத்தில் நின்றன.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ."

சொன்னான். டேப் என்றால் ஓட்ட ஓட்டத் தேயும். இது தேயவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். அப்பா கதவைத் திறந்தார். தம்பி சொன்னான். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாவினார். அப்போதும் நாங்கள் வாசலில் இருந்தோம். தம்பி சொன்னான். அவர் மறுநாளுக்குத் தாவினார்.

மறுநாளும் வாசலில் நாங்கள் நின்றோம். தம்பி சொன்னான்.