நான்காம் வேற்றுமையில் ஒரு பயம்

நகர நூலகத்தின் மாடியறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் லத்தீன் வகுப்பு நடந்துவந்தது. செத்துப்போன மொழிக்கு யார் வரப்போகிறார்கள் என்று நூலகர் உதட்டைப் பிதுக்கியும் ஏழெட்டுப் பேர் வரத்தான் செய்தார்கள். நர்சரி வைத்திருந்த அம்மாள் தன் செடிகளின் பெயர்களுக்குப் பொருள் தேடி வந்தாள். மருந்துக்கடைக்காரர் ஊர்வம்பு பேச ஆள் கிடைக்கும் என்று வந்தார். தேவாலயத்தில் பாடும் பாட்டுக்காரி, இத்தனை வருடம் பாடிய வரிகளின் அர்த்தம் தெரியாமல் கண்ணை மூட மனமில்லாமல் வந்தாள். சொல்லிக்கொடுத்தவள்தான் அவர்களில் இளையவள். எல்லாரும் அவளை டீச்சர் என்றார்கள். அவளோ தரையில் சுண்ணக்கட்டித் தூள் சிந்தியதென்று நூலகர் முறைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பிறவி.

அன்று இரண்டாம் வேற்றுமைப் பாடம். லத்தீனில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது என்றாள் டீச்சர். யார் யாரைக் கடித்தார் என்பதைச் சொல்லின் வால்தான் காட்டிக்கொடுக்கும். எந்த வாலை ஒட்டுவது என்று முடிவு செய்வது வினைச்சொல். பெரும்பாலான வினைகள் நம்முடைய 'ஐ' போல இரண்டாம் வேற்றுமையைக் கேட்கும். சில முரண்டு பிடித்த வினைகள் மட்டும் 'கு' போல நான்காம் வேற்றுமைதான் வேண்டும் என்று நிற்கும்.

'திமெயோ', பயப்படுகிறேன், என்ற வினையில் வழக்கம்போல் பலரும் வழுக்கி விழுந்தார்கள். தமிழில் நாய்க்குப் பயப்படுகிறோம், போலீசுக்குப் பயப்படுகிறோம். அந்தப் பழக்கத்தில் லத்தீனிலும் நான்காம் வேற்றுமையைப் போட்டுவிடுவார்கள். அங்கே நாயைக் கண்டு பயம் என்றால் இரண்டாம் வேற்றுமை. நான்காவதைப் போட்டால் நாய்க்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம். போன வாரமே இதைச் சொல்லியிருந்தும் மருந்துக்கடைக்காரர் நாய்க்காகக் கவலைப்பட்டார்; நர்சரி அம்மாள் திருடனுக்காகக் கவலைப்பட்டாள். டீச்சர் இருவரையும் திருத்திவிட்டுப் பாட்டுக்காரியைப் பார்த்தாள்.

பாட்டுக்காரி மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசியை இரு கைகளாலும் பொத்தியிருந்தாள். "ஸொரோரி திமெயோ," என்றாள். ஸொரோர் என்றால் சகோதரி; ஸொரோரி அதன் நான்காம் வேற்றுமை.

டீச்சரின் வாய் யோசிக்காமல் திருத்தியது. ஸொரோரெம் என்று சொல்லுங்கள் என்றாள். கூடப்பிறந்தவளுக்கே இப்படி நடுங்கினால் எப்படி என்று மருந்துக்கடைக்காரர் கேட்க, அறையே சிரித்தது. பாட்டுக்காரி திருத்திச் சொன்னாள். சற்று நேரத்தில் தலைவலி என்று எழுந்து போய்விட்டாள்.

டீச்சர் அடுத்த வினையை எழுதப் பலகையைத் துடைத்தாள். பாதி துடைத்ததும் கை நின்றுவிட்டது. பாட்டுக்காரி இதுவரை ஒரு வேற்றுமையைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. இன்று மட்டும் ஏன் சொல்லப்போகிறாள்? அவள் சொன்னது முழுக்கச் சரி; சகோதரிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம்தான் அது.  டீச்சர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

பாட்டுக்காரி பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். எதிரில் ஒரு பேருந்து வந்து நின்று கிளம்பியது, அவள் ஏறவில்லை.

"அக்கா, நீங்க சரியாத்தான் சொன்னீங்க. கூடப்பிறந்தவங்களுக்கு என்ன ஆச்சு?"

பாட்டுக்காரி விழுங்கி விழுங்கிச் சொன்னாள். தங்கையின் கணவன் கையோங்குகிறவன். ஆனால் அக்கம்பக்கத்தில் கேட்டால் தங்கமான மனிதன் என்பார்கள். இனி வாசல்படி மிதித்தால் அதற்கும் சேர்த்து உன் தங்கைதான் வாங்குவாள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். மதியம் தங்கை கூப்பிட்டு, அக்கா இன்றைக்கு வராதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதன்பிறகு எடுக்கவில்லை.

"போனாலும் அவளுக்குத்தான் அடி, போகலைன்னாலும் அவளுக்குத்தான். வீட்ல தனியா இருக்க முடியல, அதான் கிளாசுக்கு வந்தேன்."

நானும் வருகிறேன் என்று டீச்சர் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் ஏன் சொன்னோம் என்று அவளுக்கு ஆகிவிட்டது.

தங்கையின் வீடு ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளம். நடைபாதையின் ஒரு பக்கம் வரிசையாகக் கதவுகள். கடைசிக் கதவுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்காரி மணியை அழுத்தினாள். டிவியின் சத்தம் கூடியது. மறுபடி அழுத்தினாள். இன்னும் கூடியது. உள்ளே ஒருவன் தங்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்துக் கதவைத் தட்டினாள். திறந்த பெண் முகத்தைப் பார்க்காமல், அது புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் டீச்சருக்குத் தோன்றியது. ஆனால் பாட்டுக்காரி அவள் முந்தானையைப் பிடித்திருந்தாள், தான் பிடித்திருப்பது தனக்கே தெரியாமல். டீச்சர் செருப்பைக் கழற்றிக் கதவை அடிக்கத் தொடங்கினாள். நாலு கதவுகள் திறக்கும்வரை அடித்தாள். தலைகள் எட்டிப்பார்த்ததும் டிவி நின்றது.

சங்கிலி மாட்டிய கதவு ஒரு சாண் திறந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சிரித்த முகம்.

"அவ தூங்குறா. நீங்க யாரும்மா? படிச்சவங்களாட்டம் இருக்கீங்க."

அந்தக் குரலின் மென்மைதான் டீச்சரைக் கிலிபிடிக்க வைத்தது.  பாட்டுக்காரிதான் அவனைத் தாண்டி உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "பாப்பா, வெளிய வா. எல்லாரும் பாத்துட்டிருக்காங்க."

அவன் நடைபாதையில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு சங்கிலியைக் கழற்றினான், விருந்தாளிக்கு வழிவிடுகிறவனைப் போல. தங்கை வெறுங்காலோடு வந்தாள். இடது கையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மூவரும் படியிறங்கும்போது யாரும் துரத்தவில்லை. துரத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டோம் என்று டீச்சர் நினைத்தாள்.

மூவரும் நேரே மருந்துக்கடைக்குப் போனார்கள். வகுப்பிலிருந்து திரும்பியிருந்த கடைக்காரர் அந்தக் கையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கட்டுப்போட்டு, கடையைப் பாதியில் மூடி, ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் அவரே கூட வந்தார். இரண்டு விரல்கள் முறிந்திருந்தன. புகார் பதிவாயிற்று. மறுநாளே தங்கை வேறு ஊரில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனாள். எந்த ஊர் என்று டீச்சர் கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று பட்டது. அவன் ஜாமீனில் வந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. பாட்டுக்காரி ஜன்னல் வழியே பார்க்காமல் கதவைத் திறப்பதில்லை. வகுப்புக்கு மட்டும் தவறாமல் வந்தாள்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து டீச்சர் தெருவுக்கு வந்தபோது எதிர்ச்சாரியில் அவன் நின்றிருந்தான். அதே மடிப்புக் கலையாத சட்டை. தெரிந்தவர்களைப் பார்த்தால் செய்வதுபோல் மரியாதையாகக் கையை உயர்த்தினான். டீச்சர் திரும்பி மாடிக்கு ஓடிப்போய், படியிறங்கிக்கொண்டிருந்த பாட்டுக்காரியின் கையைப் பிடித்து மறுபடி அறைக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். இருவரும் கதவில் காதை வைத்து, படியில் காலடி கேட்கிறதா என்று கவனித்தார்கள்.