செல்லு பதினஞ்சாயிரம்

"செல்லு பதினஞ்சாயிரத்துக்கு இறங்கிடுச்சும்மா. இனிமே தள்ளிப் போட முடியாது."

நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி சொன்னதைக் கேட்டு ராதிகா மகள் பக்கம் திரும்பினாள். டெங்குக் காய்ச்சலில் கிடக்கும் மகள் தேவதர்ஷினியின் ஈறுகளில் காலையிலிருந்தே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ராதிகா முந்தானையால் துடைப்பாள். கையை எடுப்பதற்குள் மறுபடியும் சிவந்துவிடும்.

"ஊசி போட்டு ஏத்த முடியாதாங்க?"

"ஊசியில வராது. ரத்தத்துல இருக்கிற தட்டணு அது. இன்னொரு மனுஷன் ஒடம்புலேர்ந்துதான் எடுக்கணும். உம் பொண்ணு பி நெகட்டிவ். சுத்துப்பட்டுல எங்கயும் கைவசம் இல்லன்னுட்டாங்க. வூட்ல யாருக்குனா அந்த குரூப் இருக்குதா?"

"இவ அப்பாவுக்கு இருக்குதுங்க."

"அப்புறம் இன்னா நின்னுக்கினு இருக்க? பொழுது சாயறதுக்குள்ள வரச் சொல்லு!"

அவள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. கணவன் கலையரசன் உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். போன முறை வீட்டுக்கு வந்தபோது, பிளஸ் ஒன் படிக்கும் மகள் ஒரு செல்போன் கேட்டாள். "செல்லு வந்தா படிப்பு போச்சு" என்று கத்தி, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனவன்தான். அப்புறம் பேச்சே இல்லை.

வீம்பு பார்க்கிற நேரமா இது? ராதிகா எண்ணை அழுத்தினாள்.

"ஏங்க, தேவி ஆஸ்பத்திரில கெடக்குதுங்க. செல்லு கம்மியாயிடுச்சு. பதினஞ்சாயிரந்தானாம். ஒடனே செல்லு குடுத்தாத்தான் புள்ள பொழைக்குமாம்!"

அந்தப் பக்கம் லாரி ஹாரன்கள் அலறின. பிறகு உடைந்த குரல் ஒன்று. "செல்லு இல்லாமதான் புள்ள இப்பிடி ஆயிடுச்சா?"

"ஆமாங்க."

"நான் பாவிடி. பதினஞ்சாயிரந்தானே? எப்பிடியாவது கொண்டாந்துடறேன். அழாத."

ராதிகாவுக்குப் பாதி உயிர் திரும்பியது.

மகளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தாள் நர்ஸ். பரீட்சைக்குப் படித்ததைக் கேட்டாள் ராதிகா.

"செல்லுதாம்மா பாடம்." தேவதர்ஷினிக்கு மூச்சு வாங்கியது. "உயிரோட இருக்கிறது எல்லாமே செல்லாலதான் ஆனது. நீ, நானு, வெளியில நிக்கிற புங்க மரம், என்னைக் கடிச்ச கொசு கூட. ஒவ்வொரு செல்லும் ஒரு வூடு மாதிரி. சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு. உள்ளே கூழு மாதிரி சைட்டோபிளாசம். நடுவுல உட்கரு. யாரு இன்னா வேல செய்யணும்னு அதுதான் சொல்லும்."

"உங்கப்பன் மாதிரி கத்திக் கத்திச் சொல்லுமா?"

மகள் சிரித்தாள். பல்லெல்லாம் சிவப்பு. ராதிகா துடைத்தாள்.

"எனக்குக் கம்மியானது முழு செல்லு கூட இல்லம்மா. எலும்புக்குள்ள இருக்கிற பெரிய செல்லு ஒண்ணுலேர்ந்து பிஞ்சு வந்த துண்டு. அதுக்கு உட்கருவே கெடையாது. தானாப் பெருகாது."

"அப்ப புதுசு எங்கேர்ந்து வரும்?"

"செல்லு செல்லுலேர்ந்துதாம்மா வரும். காத்துல, மண்ணுல சும்மா முளைக்காது." கண்கள் சொருகின.

வெயில் சாய்ந்தது. கலையரசன் வரவில்லை. மறுபடி அழைத்தாள்.

"கடையிலதான் இருக்கேன். ஒசத்தியாப் பாத்து எடுத்துக்கினு இருக்கேன்."

"கடையிலயா? எந்தக் கடை?"

இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது எந்திரக் குரல்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் போர்வையை உதறினார். "எஞ் செல்லைக் காணோமே, யாருனா பாத்தீங்களா?"

கலையரசன் என்ன வாங்கிக்கொண்டிருக்கிறான் என்பது ராதிகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வாசலுக்கு ஓடினாள், கட்டிலுக்கு ஓடினாள், மறுபடியும் வாசலுக்கு. உளுந்தூர்பேட்டை பஸ் ஒவ்வொன்றாக வந்து காலியானது. எதிலும் அவன் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தான். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூள், கையில் பளபளக்கும் அட்டைப் பெட்டி.

"தேவி! மேஸ்திரி காலைப் புடிச்சுக் கடன் கேட்டு வாங்கியாந்தேன். செல்லு பாரும்மா!"

ராதிகா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "யோவ், இந்த செல்லு யாருய்யா கேட்டது? ஒடம்புல ஓடுற செல்லுய்யா! ரத்தம்யா!"

அவனுக்கு விளங்கவில்லை. பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். மகளின் உதடு அசைந்தது.

"உன்கிட்டதாம்பா இருக்குது."

பெட்டி தரையில் விழுந்தது. கலையரசன் சட்டைக் கையைச் சுருட்டியபடி நர்ஸைப் பார்த்து ஓடினான். "எடுத்துக்குங்கம்மா. எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க. மிச்சம் வெக்காதீங்க!"

"கத்தாதய்யா. மொதல்ல கைய அலம்பு" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

பரிசோதனைகள் முடிந்து, ரத்தத்திலிருந்து செல்லைப் பிரிக்கும் எந்திரம் ஓடி, வெளிர் மஞ்சள் பை ஒன்று தேவதர்ஷினியின் தலைமாட்டில் தொங்கியது. சொட்டுச் சொட்டாக இறங்கியது. கலையரசன் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தான். பை காலியானது.

ராதிகா முந்தானையால் மகளின் ஈறைத் துடைத்தாள். கையை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தாள்.

இந்த முறை சிவப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.