மதியப் பதிப்புக்கு ஒரு மரணம்

பழைய நகராட்சித் தலைவர் இறந்துவிட்டார் என்ற செய்தியை, படத்தோடு எழுதிக் கொண்டுவந்து நீட்டினான் நிருபன். எங்கள் மாலைப் பத்திரிகை மதியமே அச்சுக்குப் போய்விடும். செய்தி மேசை என் பொறுப்பு.

"யார் சொன்னது?"

"அவரோட மகனே அனுப்பினார்க்கா. இதுக்கு மேல யாரைக் கேட்கிறது?"

அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "இப்பதான் கஞ்சி குடிச்சார்" என்றாள் நர்ஸ். உடனே மகனைக் கூப்பிட்டேன்.

"மேடம், ராத்திரி தாண்டாதுன்னு டாக்டர் கையை விரிச்சிட்டார். உங்க பேப்பர் மதியமே போயிடுமே, அதான் முன்கூட்டியே..."

அவன் பின்னால் யாரோ இருமுவது கேட்டது. "யாருடா போன்ல?" என்றது ஒரு கம்மிய குரல்.

"பேப்பர்காரங்கப்பா. நீங்க படுங்க."

போனை வைத்துவிட்டேன்.

ஆசிரியர் சலித்துக்கொண்டார். "போட்டுடும்மா. பொழுது சாயறதுக்குள்ள எப்படியும் உண்மையாயிடும். போட்டிப் பேப்பர்காரன் முந்திட்டான்னா நம்ம மானம் போகும்."

"உண்மையானதும் போடறேன் சார்" என்று செய்தியைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். நிருபன் அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

போட்டிப் பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. மறுப்பு என்று ஒரு வரிகூட அப்புறம் வரவில்லை. "பார்த்தியா, நல்லா வித்திருக்கு" என்று அதை என் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார் ஆசிரியர்.

தலைவர் நிஜமாகவே இறந்தது அடுத்த வாரம். ஆஸ்பத்திரியில் உறுதி செய்துகொண்டு, மகனிடம் வயது கேட்டேன்.

"எழுபத்தெட்டோ எண்பதோ... ஏதாவது ஒண்ணு போடுங்க மேடம். அன்னைக்கே போட்டிருந்தா இந்த அலைச்சலே இல்ல."

"அம்மாகிட்ட போனைக் குடுங்க."

அந்த அம்மாள் பிறந்த வருஷத்தைத் தடுமாறாமல் சொன்னார். நான் வைக்கப்போனபோது தணிந்த குரலில், "அந்தப் பேப்பரை அவர் பார்த்துட்டாரும்மா. பக்கத்துக் கட்டில்காரர் படிச்சிட்டிருந்தார்" என்றார்.

"என்ன சொன்னார்?"

"மகன் உள்ளே வந்தப்ப, சுவர் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டார். அப்புறம் அவன் குடுத்த எதையும் வாங்கிக் குடிக்கல."

அதை எழுத எனக்கு இடமில்லை. வயதைக் கணக்கிட்டுப் போட்டு, பக்கத்தை அனுப்பினேன்.