இடிப்பு விழா

மூட்டையின் முடிச்சை அவிழ்த்தால் முதலில் வெளியே வருவது வாடைதான். துணி அதற்குப் பிறகுதான். மருத்துவமனையின் பின்கட்டில், தகரக் கூரை போட்ட சலவைக் கொட்டகையில், முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு சோப்பக்கா வார்டுகளிலிருந்து வந்த விரிப்புகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ரத்தம் பட்டவை ஒரு தொட்டிக்கு. மலம் பட்டவை இன்னொன்றுக்கு. வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மஞ்சள் திட்டு கரைந்து சல்லடைக்குள் இறங்கும்வரை நீளக் கோலால் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். சோப்பக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவள் பக்கத்தில் சலவை இயந்திரம் ஓட்டுகிறவள். எங்கே போனாலும் சோப்பக்கா மேல் சோப்பு வாசனை வீசும். அவள் வீட்டில் மட்டும் கொஞ்ச நாளாக அது எடுபடவில்லை.

"அக்கா, உன் பொண்ணு வந்து நிக்குது பாரு," என்றாள் இயந்திரக்காரி.

பின்வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே பள்ளிக்கூடப் பையோடு மகள் நின்றிருந்தாள். கால்களை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி. சோப்பக்கா உறைகளை உருவிப் போட்டுவிட்டுக் காவலாளியிடம் ஓடினாள்.

"அண்ணே, ரெண்டே நிமிஷம்."

"தினமும் இதே கதையாப் போச்சும்மா. ஊழியர் கழிவறைன்னு போர்டு போட்டிருக்கு. மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"எனக்கு அவசரம்னு சொல்லுங்க. நான் ஊழியர்தானே?"

"உனக்கு அவசரம்னா அவளா போவா?" என்று முனகிக்கொண்டே காவலாளி கதவைத் திறந்துவிட்டார். அவருக்கும் இரண்டு பெண்கள். மகள் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

பள்ளிக்கூடத்துக் கழிவறையில் தாழ்ப்பாளும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதனால் காலையில் கிளம்பினால் மாலையில் இந்தக் கம்பிக் கதவுக்கு வந்து சேரும்வரை அவள் அடக்கிக்கொண்டிருப்பாள். அடக்குவது சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டாள். உதடுகள் வெடித்து, வயசுக்கு வந்த பெண்ணின் முகம் காய்ந்த துணி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

கொஞ்ச நாள் முன்புவரை அவர்களுடையது கழிவறை இல்லாத வீடு அல்ல. இருந்தது. ஒழுங்காக இல்லை, அவ்வளவுதான். பின்பக்கச் சந்தை ஒட்டி ஒரு சின்ன அறை. தரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது, பீங்கான் சாய்ந்துவிட்டது, பலத்த மழை பெய்தால் போனதெல்லாம் திரும்பி வரும். ஆனாலும் கதவு இருந்தது. உள்ளே உட்காரலாம். இரண்டு வாளித் தண்ணீரைச் சேர்ந்தாற்போல ஊற்றினால் இறங்கிவிடும். லாரியில் மூட்டை ஏற்றும்போது தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அவள் வீட்டுக்காரர்கூட, சுவரைப் பிடித்து நகர்ந்து நகர்ந்து, யார் துணையும் இல்லாமல் போய்வருவார். "இந்தச் சுவர் என்னைத் தாங்குது, நான் அதைத் தாங்குறேன்," என்று சிரிப்பார்.

வீட்டு உதவிச் சங்கம் என்று அந்தப் பகுதியில் ஒன்று இருந்தது. வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் தருகிறவர்கள். பணம் நகரசபையுடையது, கொடுப்பதும் வாங்குவதும் சங்கம். அங்கே வேலை பார்க்கிற இளம்பெண் ஒருத்தி ஸ்கூட்டரில் வந்து இறங்கி, அளக்கும் நாடாவை நீட்டி, மூக்கை மூடாமல் அந்த அறைக்குள் போய் நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனாள். மூக்கை மூடவில்லை என்பதற்காகவே சோப்பக்காவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சில வாரம் கழித்து அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "அக்கா, உங்க வீட்டைத்தான் முதல் வீடா எடுத்திருக்காங்க. நகரசபைத் தலைவரே வந்து தொடங்கி வைக்கிறாரு."

"எதைத் தொடங்கி வைக்கிறாரு?"

"பழசை இடிக்கிறதை. முதல் அடி அவரு அடிப்பாரு. மறுநாளே கொத்தனார் வந்துடுவாரு."

விழாவன்று காலையில், இடிக்கப் போகிற பீங்கானை சோப்பக்கா ஆசிட் ஊற்றித் தேய்த்துப் பளிச்சென்று கழுவினாள்.

"உடைக்கப் போறதுக்கு எதுக்கு இந்தத் தேய்ப்பு?" என்றார் வீட்டுக்காரர்.

"வர்றவங்க மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது இல்ல."

தெருவில் பந்தல் போட்டார்கள். சாக்கடை ஓரமெல்லாம் பவுடர் தூவினார்கள். சந்துக்குள் ஒருவன் சென்ட் அடித்துக்கொண்டே போனான். தலைவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, மூக்கில் கைக்குட்டையோடு வந்து, பட்டு நாடா கட்டிய சுத்தியலை வாங்கிச் சுவரில் ஓர் அடி அடித்தார். "சார், இன்னொரு தடவை, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி," என்றான் படம் எடுப்பவன். இன்னொரு அடி. அதுவும் சரியாக வரவில்லை. மூன்றாவது அடி கைதவறிப் பீங்கானில் விழுந்து, அது இரண்டாகப் பிளந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மீதியை நகரசபை ஆட்கள் இருவர் கடப்பாரையால் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் பேச்சு முடிவதற்குள் கதவு, சுவர், கூரை எல்லாம் தரைமட்டம்.

குளிர்பானம் குடித்து முடித்த தலைவர் உதவியாளன் காதில் ஏதோ சொன்னார். உதவியாளன் சோப்பக்காவிடம் வந்து குரலைத் தாழ்த்தினான். "அம்மா, சாருக்குக் கொஞ்சம் பாத்ரூம் போகணும். எங்க இருக்கு?"

அவள் இடிபாட்டைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அடுத்த நிமிடம் கார் கிளம்பிவிட்டது. வந்தவர் போனவரிடமெல்லாம் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் கொத்தனார் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சிரிப்பும் நின்றுபோயிற்று.

உட்காரும் பலகையில் ஓட்டை போட்ட ஒரு பழைய நாற்காலி, அதற்கடியில் ஒரு வாளி. வீட்டுக்காரருக்கு இப்போது அதுதான். வேலைக்குக் கிளம்பும் முன் வாளியைச் சாம்பல் போட்டு மூடி, எதிர்வீட்டு முடிதிருத்துகிறவரின் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவிக்கொண்டு வருவாள். அவர் மனைவி முதலில், "இதுக்கெல்லாம் கேட்கணுமா?" என்றுதான் சொன்னாள். பிறகு ஒருநாள் அவர்கள் கழிவறைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"தப்பா எடுத்துக்காதே," என்றாள் அவள், ஜன்னலுக்குள்ளிருந்து. "எங்க குழியும் நிரம்பிடுச்சு. குழியை அள்ளுற லாரியைக் கூப்பிட்டா அவன் என்ன கேட்கிறான்னு உனக்கே தெரியும்."

தெரியும். அதனால் கோபப்படக்கூட வழியில்லை. நிறைந்த வாளியோடு தெரு நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வீட்டுக்குத் திரும்பி, இடிபாட்டுக்குள் உடைந்த குழாயின் வாய்மேல் வைத்திருந்த கல்லைப் புரட்டி அதிலேயே கொட்டினாள். ஈக்கள் ஒரே மூச்சில் எழும்பி முகத்தில் மோதின. பாதி உள்ளே போனது. பாதி அங்கேயே நின்றது. ஆஸ்பத்திரியில் அடுத்தவர்களுடையதை வருஷக்கணக்காகக் கழுவியும் மூக்கை மூடாதவள், தன் வீட்டுப் பின்பக்கத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே வரிசையில் நின்று காட்டினாள் சோப்பக்கா. "நிறையத் தண்ணி குடிக்கணும். அடக்கவே கூடாது," என்றார் டாக்டர்.

"குடிச்சா போகணுமே, டாக்டர்," என்றாள் மகள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

அன்றே சோப்பக்கா சங்கத்து அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் நல்ல மனிதர்போலத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார்.

"நாங்க என்னம்மா பண்றது? நகரசபை அறிவிச்சிட்டாங்க, ஒதுக்கியும் வச்சிட்டாங்க. இன்னும் விடுவிக்கல."

"அறிவிச்சாங்கன்னா?"

"தரேன்னு சொல்லிட்டாங்க."

"ஒதுக்கினாங்கன்னா?"

"தரணும்னு எழுதி வச்சிட்டாங்க."

"அப்ப விடுவிக்கலன்னா, தரலைன்னு சொல்லுங்களேன், சார். எனக்குப் புரியுமே."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபையில் இரண்டு கோஷ்டி என்றார். இந்தத் திட்டம் யாருடைய திட்டம் என்று சண்டை என்றார். அதற்குள் தேர்தல் வந்துவிடும்போல இருக்கிறது என்றார். சோப்பக்கா அவர் மேசைக்குப் பின்னால் இருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழிவறை என்று எழுதியிருந்தது. பேச்சு முடிந்ததும் கேட்டுவிட்டு அதற்குள் போனாள். வெள்ளை ஓடு பதித்த சுவர். குழாயைத் திருகியதும் தண்ணீர் வந்தது. மகளையும் கூட்டி வந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

வெளியே ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் சங்கத்துப் பெண் காத்திருந்தாள். முன்பிருந்த சிரிப்பு இல்லை. "எனக்கும் சம்பளம் வந்து மாசக்கணக்காச்சுக்கா."

"அப்புறம் எதுக்கு வர்றே?"

"வராம நின்னுட்டா, வர வேண்டியதும் வராது." அவள் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றினாள். "வியாழக்கிழமை அடுத்த தெருவுல இன்னொரு வீட்டுல விழா. நீங்க வந்து ரெண்டு வார்த்தை நன்றி சொல்லணும்னு கேட்கிறாங்க. முதல் பயனாளி இல்லையா."

"என்ன பயன் அடைஞ்சேன்னு சொல்றது?"

"மேடையில தலைவர் பக்கத்துலயே நிப்பீங்கக்கா. மைக் கையில இருக்கும். எங்க செயலாளரு சொன்னா அவரு காதுல விழாது. நீங்க நேரா சொல்லலாம் இல்ல?"

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "போய் நன்றி சொல்லிட்டு வா. கூடவே இந்த வாளியையும் எடுத்துட்டுப் போ. நான் குடுத்தேன்னு சொல்லு."

வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டு, இருப்பதில் நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு போனாள். அது பை தைத்துப் பிழைக்கிற ஒருத்தியின் வீடு. அதே பந்தல், அதே பவுடர், அதே சென்ட். தையல்காரி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். பின்னால், திறந்த இடத்தில், சுண்ணாம்பு அடித்த ஒரு சுவர் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

சோப்பக்கா அவளை ஓரமாக இழுத்தாள். "நான் சொல்றதைக் கேளு. இடிக்க விட்டுடாதே. செங்கல் வந்து இறங்கட்டும், கொத்தனார் வந்து நிக்கட்டும், அப்புறம் இடிங்கன்னு சொல்லு. என் வீட்டுல வந்து பாரு, தெரியும்."

தையல்காரி அவளை விநோதமாகப் பார்த்தாள். "எங்க வீட்டுல இடிக்க என்னக்கா இருக்கு? இருந்தது போன மழையிலேயே விழுந்துடுச்சு. அதைக் கட்டத்தானே கடன் கேட்டேன்."

"அப்ப அது?"

"நேத்து கட்டினாங்க." குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "வண்டியில செங்கல், சிமெண்ட், கொத்தனாரு எல்லாம் வந்தாங்க. எங்களுக்குத்தான் கட்டுறாங்கன்னு நான் டீ போட்டுக் கொடுத்தேன். ஒரே ஒரு சுவரு. சுண்ணாம்பை அடிச்சுட்டு, சார் வர்றவரைக்கும் யாரும் சாயாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இடிக்கிற மாதிரிப் படம் எடுக்க ஏதாவது வேணுமாமே."

சோப்பக்கா போய் அந்தச் சுவரில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. இன்னும் காயவில்லை.

கார்கள் வந்தன. யாரோ அவளைத் தோளைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். மைக் கையில் வந்தது. தலைவர் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றாள். "எங்க வீட்டுல இடிச்சதோட நிக்குது. யாரும் வரலை. எங்க வீட்டுக்காரரால நடக்க முடியாது. என் பொண்ணு தண்ணியே குடிக்க…"

தன் குரல் தனக்கே சின்னதாகக் கேட்டதும்தான் மைக் அணைந்துவிட்டது தெரிந்தது. அறிவிப்பாளன் இன்னொரு மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். "ஆனந்தத்துல அம்மாவுக்குப் பேச்சே வரலை! கண்ணு கலங்குது பாருங்க!" கைதட்டல் எழும்பியது. தலைவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். உண்மையாகவே மனம் நெகிழ்ந்தவர்போல இருந்தது அவர் முகம். படம் எடுப்பவன் அதையும் எடுத்துக்கொண்டான். அவள் மேலும் பேசினாள். தலைவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டபடியே இறங்கிப் போனார்.

இந்த முறை மூன்று அடி தேவைப்படவில்லை. முதல் அடியிலேயே சுவர் சத்தமில்லாமல் மடங்கி உட்கார்ந்தது. ஈரச் சாந்து வெள்ளை ஷூவில் தெறிக்க, உதவியாளன் குனிந்து துடைத்துவிட்டான்.

கார்கள் போனபின் முந்தின நாள் செங்கல் கொண்டுவந்த வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. ஆட்கள் இருவர் விழுந்த செங்கற்களைப் பொறுக்கி, சாக்கால் சாந்தை வழித்துவிட்டு, ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை. சோப்பக்கா வண்டியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இதை இங்கேயே விட்டுட்டுப் போங்களேன். இந்தப் பொண்ணுக்காவது ஆகும்."

"கையை எடும்மா," என்றான் ஓட்டுநர். கடுமையாகச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை இன்னொரு வீடு இருக்கு. அங்கேயும் இடிக்க ஒண்ணும் இல்லையாம்."

வண்டி சாந்து ஒழுக ஒழுகத் திரும்பிப் போயிற்று. தெருவில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. தையல்காரி குழந்தையை இடுக்கிக்கொண்டே, சுவர் நின்ற இடத்தில், ஒதுங்குவதற்கு ஒரு கிழிந்த சாக்கை மறைப்பாகக் கட்டப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை. கட்டக் கட்ட ஒரு முனை நழுவி விழுந்தது. சோப்பக்கா போய் அந்த முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வா," என்றாள், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு. "நான் பிடிச்சுக்கிறேன்."