ஊத்தடிச் சீட்டுகள்

சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் கூட்டம் வந்தது. கூட்டத்தின் பின்னாலேயே காலராவும் வந்தது. ஊசி போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அருவிக்கரைக்குப் போய்விட்டார்கள். சுற்றுக் கிராமங்களுக்கென்று தென்காசி சுகாதார ஆபீஸில் மிஞ்சியவர்கள் முகம்மது இஸ்மாயிலும் ஓர் உதவியாளும்தான். கிணறுகளில் போடக் கையிருப்பில் ஒரு டின் பிளீச்சிங் பவுடர். சாவு அதிகம் விழுந்த ஊருக்கு அவர்கள் முதலில் போக வேண்டும். அது எந்த ஊர் என்று கணக்குப் போட்டுச் சொல்வது ஏசுவடியானின் வேலை.

சீசன் முடியும் வரைக்குமான தற்காலிக குமாஸ்தா அவன். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து முதலில் கிடைத்த உத்தியோகம். மேஜையில் குவிந்துகிடந்த சீட்டுகளைப் பார்த்த அன்றைக்கு அவனுக்குத் தலை சுற்றியது. செத்தவர்களைப் பற்றிக் கிராம முன்சீப் ஒரு சீட்டு அனுப்புவார், தலையாரி ஒன்று கொண்டுவருவான், மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்று வரும். ஒருவர் ஆனி மாதத் தேதி போட்டிருப்பார், இன்னொருவர் ஜூலை என்று எழுதியிருப்பார், மூன்றாமவர் வெறுமே வெள்ளிக்கிழமை என்று முடித்திருப்பார். வயதெல்லாம் குத்துமதிப்பு.

"கணக்கு சுத்தமா இருக்கணும் வே" என்றார் இன்ஸ்பெக்டர் வல்லிநாயகம். "ஒரு பொணத்த ரெண்டு தடவ எண்ணுனா, உசுரோட இருக்கவனுக்கு மருந்து போய்ச் சேராது."

அது மெய்தான். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த ஒரு பெண்ணின் சாவு, புருஷன் ஊரிலும் தாய் ஊரிலுமாக இரண்டு முறை பதிவாகியிருந்ததை ஏசுவடியான்தான் கண்டுபிடித்தான். இன்ஸ்பெக்டர் அவனுக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அதன்பிறகு அவன் ஒரு வழி வைத்துக்கொண்டான். பெயரும் ஒன்றே, குடும்பத் தலைவரான வீட்டுக்காரரின் பெயரும் ஒன்றே, வயதும் தேதியும் ஒன்றிரண்டு முன்பின் என்றால் அது ஒரே ஆள். ஒரு சீட்டை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுவான். முன்சீப்புகளுக்கு ஒரு தாக்கீதும் தன் கையாலேயே எழுதி, இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினான்: ஒரே பெயரை இரண்டு முறை எழுதி அனுப்பலாகாது.

சுந்தரபாண்டியபுரத்துக்கு அப்பால் ஊத்தடி என்ற சிற்றூருக்கு எட்டுச் சீட்டுகள் இருந்தன. அவற்றில் இரண்டில், இசக்கிப்பாண்டி, வயது ஐந்து, வீட்டுக்காரர் இசக்கிப்பாண்டி. வேறு இரண்டில் பேச்சித்தாய், வயது மூன்று, நான்கு, அதே வீடு. இரண்டை அடித்தான். எட்டு ஆறாயிற்று. இன்னொரு ஊரான வடக்குப்பாறைக்கு ஏழு. இஸ்மாயில் டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வடக்குப்பாறைக்குப் போனார்.

நாலு நாள் கழித்து ஊத்தடியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. இசக்கிப்பாண்டி, வயது நான்கு, வீட்டுக்காரர் இசக்கிப்பாண்டி. இறந்தது நேற்று.

ஏசுவடியான் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். போன வாரம் செத்த பிள்ளை நேற்று எப்படிச் சாகும்? இன்ஸ்பெக்டரிடம்கூடச் சொல்லாமல் சைக்கிளை எடுத்தான்.

ஊத்தடியில் இசக்கிப்பாண்டி வீட்டு முற்றத்தில் ஒரு பெண் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். கடைசி மருமகள் மாடத்தி என்றார்கள். அவள் பிள்ளைதான் நேற்றுப் போனது.

"எந்த இசக்கியக் கேக்கிய?" என்றாள். "எங்க மாமனாரு பேருதான மூணு வீட்டுத் தலப்பிள்ளைக்கும். பெரியவுக வீட்டு இசக்கியும் நடு வீட்டு இசக்கியும் போன வாரம் போச்சு. எம்புள்ள நேத்து."

"பேச்சித்தாய்?"

"அது மாமியா பேரு. அதுவும் ரெண்டு பிள்ளையளுக்கு. ரெண்டும் போச்சு."

ஏசுவடியான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். சைக்கிள் மிதித்த களைப்பு என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்தத் துக்கத்திலும் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்க மறக்கவில்லை. அவன் வாங்கிக் கீழே வைத்தான்.

"இதக் குடிக்காதீங்க அக்கா. கிணத்துத் தண்ணிதான் கெட்டுக் கெடக்கு. கொதிக்க வச்சுக் குடிங்க."

"வெறகு பூராவும் சாரல்ல நனைஞ்சு கெடக்கு. கஞ்சி காய்ச்சவே வழியில்ல, தண்ணியக் கொதிக்க வைக்கவா?" என்றாள். "மருந்து போடுதவுக வடக்குப்பாறைக்குப் போயிட்டாகளாமே. அங்கன பெரிய மனுசங்க இருக்காக போல."

"அப்படியில்ல அக்கா" என்றான். செம்பை அவளே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீரைக் கொட்டின சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஆபீஸில் வல்லிநாயகம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "டின் வடக்குப்பாறையிலயே தீந்துபோச்சு வே. திருநெல்வேலிக்கு ஆள் விட்டிருக்கேன். நாளையோ மறுநாளோ லாரி வரும்" என்றார். "ஊசியாவது போடட்டும்னா, ஊசி மருந்து பூராவும் அருவிக்கரையில மாட்டிக்கிட்டிருக்கு." திட்டியிருந்தால் ஏசுவடியானுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடித்த பெயர்களை அவன் திரும்ப எழுதினான். பெரியவர் வீடு, நடு வீடு, கடைசி வீடு என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறித்தான். லாரி மறுநாள் வரவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் ஊத்தடித் தலையாரி உச்சிமாகாளி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து ஒரு சீட்டை வைத்தான். மாடத்தி, வயது இருபத்தைந்து.

அந்த ஊரில் ஒரே பெயர் எத்தனை பேருக்கு இருக்கும் என்பது இப்போது ஏசுவடியானுக்குத் தெரியும். இது வேறொரு மாடத்தியாக இருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அப்படி நினைத்ததற்காகக் கூசவும் செய்தது.

"எந்த மாடத்தி? இசக்கிப்பாண்டி வீட்டுக் கடைசி மருமகளா?"

"அவளுந்தான்யா. மேலத்தெரு மாடத்தியுந்தான். ரெண்டு பேரும் முந்தாநேத்து ராத்திரி போயிட்டாளுவ."

"சீட்டு ஒண்ணுதான இருக்கு?"

"ஒரே பேர ரெண்டு வாட்டி எழுதப்பிடாதுன்னு ஆபீஸ்ல இருந்து தாக்கீது வந்திருக்காம்லா. அதான் முன்சீப் ஒத்தச் சீட்டாக் குடுத்துவிட்டாரு."

ஏசுவடியான் பேனாவை மையில் தொட்டு முதல் வரியை எழுதினான். அதற்குக் கீழே அதே பெயரை மறுபடியும் எழுதி, வயதுக்கு இடம் விட்டு நிறுத்தினான்.

"மேலத்தெரு மாடத்திக்கு என்ன வயசு?"

"அது யாரு கண்டா" என்றான் உச்சிமாகாளி. "அவளுக்கும் இருபத்தஞ்சுன்னே போட்டுக்கிடுங்க."